வீட்டிலேயே கார் பிரேக் பேட் மாற்றலாமா?

மாஞ்சோலை மலைக்குப் போய் இறங்கி வந்ததிலிருந்து பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம், பேடை நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன் சக்கர டிஸ்க் பிரேக் என்றால் தாராளமாக மாற்றலாம். பின்னால் டிரம் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், அது வேறு தலைவலி.

பேடில் இரும்புத் தகடு போக, டிஸ்கில் உராயும் பாகம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதுவும் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து.

சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டைத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலில் ஜாக்கி புதைந்துவிடும். சிமெண்டுத் தரை பாருங்கள். வண்டியைத் தாங்கக் கீழே ஸ்டாண்டு கட்டாயம். பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள்.

பேடை டிஸ்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பழைய பேட் கையோடு வந்துவிடும். முழுதாகக் கழற்றினால் கம்பியால் கட்டி வையுங்கள், பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்க விடக் கூடாது. புதுப் பேட் தடிமனானது. பேடைத் தள்ளும் பிஸ்டன் காலிப்பருக்குள்ளே போனால்தான் அதற்கு இடம் கிடைக்கும். பிஸ்டன் மேல் பழைய பேடை வைத்து சி கிளாம்ப்பால் (திருகி இறுக்கும் கருவி) மெதுவாக அழுத்துங்கள். அழுத்த அழுத்த பானட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதிக்கு அது அடிவரை போகும். கெட்டியான பிறகே கியர். அடுத்த முறை மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள், பேட் இவ்வளவு சூடேறாது.