இங்கிலாந்தில் மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டலாமா?

தம்பி, ஊரில் அப்பா மனை வாங்கி மேஸ்திரி வைத்துக் கட்டியதுபோல இங்கிலாந்திலும் கட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். நாங்கள் கட்டிய வீட்டில்தான் குடியிருக்கிறோம். ஆனால் இங்கே கடப்பாரையைத் தொடும் முன்பே பாதி வேலை தாளில் முடிந்திருக்க வேண்டும்.

முதலில் மனை. வயலைத் துண்டு போட்டு, "அனுமதி வந்தால் விலை எங்கேயோ போய்விடும்" என்று விற்பவர்களை நம்பாதீர்கள். பிளானிங் பெர்மிஷன், அதாவது கட்ட உள்ளாட்சி தரும் அனுமதி, இல்லாத நிலத்தில் வீடு கட்ட முடியாது. சொந்தமாகக் கட்ட விரும்புவோருக்குக் கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) பதிவேடு வைக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதில் பெயர் கொடுங்கள். உடனே மனை கிடைத்துவிடாது. ஆனால் எத்தனை மனைக்கு அனுமதி தருவது என்று கவுன்சில் பார்ப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் பிஸ்டர் (Bicester) ஊரிலுள்ள கிரேவன் ஹில் (Graven Hill) குடியிருப்பையும் ஒருநாள் நடந்து பாருங்கள், அவரவர் விருப்பப்படி கட்டிய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன.

பலர் கோட்டை விடுவது வரியில். சி.ஐ.எல். என்ற உள்கட்டமைப்புக் கட்டணம் வாங்கும் கவுன்சிலில், தான் குடியிருக்கக் கட்டுபவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு உறுதியாகும் முன் பள்ளம் தோண்டினால் அது போச்சு. முடித்தபின் 3 ஆண்டு அங்கேயே குடியிருக்கவும் வேண்டும்.

அடுத்து வாட் (VAT), அதாவது மதிப்புக் கூட்டு வரி. புது வீட்டு வேலைக்கு பில்டர் வாட் போடக்கூடாது. போட்டால் அவரிடமே திருத்தி வாங்குங்கள், வரித்துறை தராது. நீங்களே வாங்கும் செங்கல், ஜன்னல், ஓட்டுக்குக் கட்டிய 20 சதவீதத்தை, வீடு முடிந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். ஒரே முறைதான் கேட்க முடியும், எனவே பில் எல்லாம் பத்திரம். ஆர்க்கிடெக்ட் கட்டணத்தின் வாட் திரும்பாது.

எங்கள் மனை களிமண், ஓரத்தில் ஓக் மரம். ஒரு மீட்டர் தோண்டியதும் பில்டிங் இன்ஸ்பெக்டர் பள்ளத்தில் குனிந்து, நூல்போன்ற வேரை விரலால் இழுத்துக் காட்டினார். மரம் நீரை உறிஞ்சினால் களிமண் சுருங்கும், அஸ்திவாரம் அசையும். இன்னும் ஆழம் போகச் சொன்னார். கான்கிரீட் லாரி கூடுதலாக வந்தது. சொந்தமாகக் கட்டுவதற்கான மார்ட்கேஜில் (வீட்டுக் கடனில்) பெரும்பாலும் ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே பணம் வரும், அதுவரை நம் கைக்காசுதான். மதிப்பீட்டுக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் தனியாக எடுத்து வைக்காமல் மனைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

எந்தப் பக்கம் மனை பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள், மண் எப்படி என்று விசாரித்துச் சொல்கிறேன்.