கேளுங்கள், சொல்கிறேன்: பனியா வில்லன்?

கேள்வி: துருவப் பயணம் போய் மாண்டவர்களைப் பற்றி இரண்டு நாவல் படித்தேன். இரண்டிலும் பனியே வில்லன். நிஜத்திலும் அப்படித்தானா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அக்னி நட்சத்திரத்தில் பனி நாவல் படிக்கிற வழக்கம் எனக்கும் உண்டு. வேலூர் வெயில் அதனால் குறைவதில்லை, பொழுது போகிறது.

1845-இல் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் 129 பேர் எரெபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் கனடாவின் வடக்கே கடல்வழி தேடிப் போனார்கள். அடுத்த ஆண்டு கிங் வில்லியம் தீவருகே கப்பல்கள் பனியில் சிக்கின. 1848 ஏப்ரலில் மிச்சமிருந்த 105 பேர் கப்பலைக் கைவிட்டு நடந்தார்கள். ஒருவரும் ஊர் திரும்பவில்லை.

அதே வட்டாரத்தில்தான் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வாழ்ந்தார்கள். அவர்களுக்கும் பஞ்சம் வந்ததுண்டு. ஆனால் சிறு குடும்பங்களாகப் பிரிந்து, சீல் கிடைக்கும் இடம் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தார்கள். நூறு பேர் மொத்தமாக வந்து நின்றால் அந்த நிலம் எப்படிச் சோறு போடும்?

1854-இல் ஜான் ரே என்ற பயணி, இனுயிட்டுகளிடம் கேட்டதை லண்டனுக்குச் சொன்னார்: கடைசியில் ஃபிராங்க்ளினின் ஆட்கள் பிணத்தைத் தின்றார்கள். ஊரே கொதித்தது. அந்த மக்களின் பேச்சை நம்பக் கூடாது என்று சார்லஸ் டிக்கன்ஸ் தன் வார இதழில் எழுதினார். 1857-இல் வில்கி காலின்ஸ் எழுதிய துருவ நாடகத்தில் டிக்கன்ஸே நடித்தார். பனியில் தன் போட்டியாளனைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடும் தியாகி வேடம். அரங்கமே அழுததாம். பின்னாளில் கிங் வில்லியம் தீவில் கிடைத்த ஃபிராங்க்ளின் ஆட்களின் எலும்புகளில் கத்திக் கீறல்கள் இருந்தன. எரெபஸ் 2014-இலும் டெரர் 2016-இலும் கடலடியில் கிடைக்கவும் இனுயிட்டுகள் சொன்ன தகவல்தான் உதவியது.

பனியைப் பேயாக்கும் நாவலோடு எனக்குள்ள சண்டை இதுதான். பேய் வந்துவிட்டால் கப்பலை அனுப்பியவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

நம் பாலைத் திணையில் இந்தத் தந்திரம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். நிலத்துக்கு அது ஒரு பருவம், பகை இல்லை. மே மாதப் பாலாற்று மணலையும் 2021 நவம்பரில் அது கரைபுரண்டதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாலைப் பாட்டில் அதிகம் பேசுவதும் போனவன் அல்ல, தலைவியும் தோழியும் செவிலியும்தான். ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன் காத்திருந்து, மன்றாடி, கடைசியில் தானே செலவழித்து ஃபாக்ஸ் என்ற கப்பலை அனுப்பினார். கப்பல்களைக் கைவிட்ட சேதி எழுதிய தாள் 1859-இல் கிடைத்தது அந்தப் பயணத்தில்தான். நான் எழுதுவதாக இருந்தால் அந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்குவேன்.

கேள்வி: யாரும் சாகாத துருவக் கதை உண்டா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உண்டு. உர்சுலா லெ குவின் 1982-இல் எழுதிய ‘சுர்’. தென் அமெரிக்கப் பெண்கள் சிலர், தென் துருவத்தை முதலில் எட்டிய அமுன்ட்செனுக்கு முன்பே அங்கே போய், கொடி நடாமல், ஊரிலும் மூச்சு விடாமல் திரும்பிவிடுகிறார்கள். சிறுகதைதான், ஒரே மூச்சில் படிக்கலாம்.

கேள்வி: தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில், சாகும் நிலையிலும் ஸ்காட் குழு கல் சுமந்தது பைத்தியக்காரத்தனம் இல்லையா?
– மாணவர், காட்பாடி

பதில்: 1912-இல் அவர்கள் சறுக்குவண்டியில் கிடந்தது சுமார் 16 கிலோ. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. எரிபொருள் குறைவு, கடுங்குளிர், உடல் தளர்ச்சி எல்லாம் சேர்ந்துதான் அடித்தன. அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் என்ற பழைய மரத்தின் இலைத் தடம் இருந்தது. நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளிலும் அதே மரத்தின் தடம் உண்டு. அன்டார்க்டிகாவும் நாமும் ஒரு காலத்தில் ஒரே நிலம் என்பதற்கு அது சான்று. கவிஞர்கள் இந்தக் கல்லை ஏன் இன்னும் அதிகம் எழுதவில்லை என்பதுதான் என் கேள்வி. நீங்கள் எழுதினால் அனுப்புங்கள்.