சிறுநீரகம் மாற்றிய அப்பாவுக்கு கொவிட்: மருந்தை நிறுத்தலாமா?

வணக்கம் தங்கச்சி. அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டு வருஷம், இப்போது கொவிட் பொசிட்டிவ், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் குளிசைகளை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரித்துவிடலாம். இன்றைக்கே அப்பாவின் சிறுநீரகத்தைப் பார்க்கும் கண்டி கிளினிக்குக்குப் போன் எடுங்கள். அந்தக் குளிசைகளில் ஒன்றான மைக்கோபினோலேட்டை அவர்கள் குறைக்கவோ கொஞ்ச நாளைக்கு நிறுத்தவோ சொல்லலாம். ஸ்டீரொய்ட் குளிசையான பிரட்னிசொலோனை மட்டும் திடீரென விடவே கூடாது.

பெரிய ஆபத்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இன்னொரு குளிசையான டாக்ரோலிமஸில்தான். கொவிட் மருந்தான பாக்ஸ்லோவிட்டில் உள்ள ரிட்டோனாவிர், கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக், ஏன் வயிற்றோட்டம்கூட, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் டவுன் பார்மசியில் அன்டிபயோட்டிக் கேட்டு வாங்காதீர்கள். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க இரத்தம் எடுப்பது காலைக் குளிசைக்கு முன்னால். போட்டபின் எடுத்தால் கணக்குப் பிழைக்கும்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைவென்றால் கிளினிக்கில் கேட்டுக் குறையுங்கள். ஐபுபுரோபென், டைக்ளோபெனக் போன்ற வலி மாத்திரைகள் கிட்டவும் வேண்டாம்.

நீங்கள் இருக்கும் நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரம். சுகமானவர்களுக்கே விரலில் மாட்டும் கருவி ஒட்சிசன் சதவீதத்தை ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டும். அப்பாவின் வழக்கமான அளவிலிருந்து 3 புள்ளி இறங்கினாலோ, 92க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். குளிசைப் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.