கினி பிக் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தால் நாளை வரை பொறுத்துப் பார்க்கலாமா?

உங்கள் கேள்வி இது: இரண்டு வயது கினி பிக், நேற்று சாயங்காலத்திலிருந்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இன்னும் ஒருநாள் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாமா?

பொறுக்க வேண்டாம். இன்றே போங்கள். கினி பிக், முயல் போன்ற சின்ன விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து, போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் அதன் வயிறு. நல்ல உடம்போடு இருக்கும் பெரிய நாய் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தாலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். கினி பிக்கால் முடியாது. நாள் முழுக்கப் புல் உள்ளே வந்துகொண்டே இருக்கும் என்ற கணக்கில் அமைந்த குடல் அது. வரத்து நின்றால் அசைவு மந்தமாகும், வாயு சேரும், வயிறு வலிக்கும், அந்த வலியிலேயே இன்னும் தின்னாமல் கிடக்கும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றாலே நான் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுவேன். 24 மணி நேரம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, இவை நோயை மறைக்கும். மற்ற விலங்குகளுக்கு இரையாகிற இனம் என்பதால், துவண்டு போனதை வெளியே காட்டாது. ஆகவே நம் கண்ணுக்கே சோர்வு தெரிகிறது என்றால், உள்ளே தொந்தரவு ஆரம்பித்துச் சில நாளாகியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் மிளகிடம்தான் கற்றுக்கொண்டேன். என்னிடம் இருந்த இரண்டில் ஒருவன் அவன், இன்னொருவன் சுக்கு. கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் மிளகுதான் முதலில் ஓடி வருவான். நோய் வந்த வாரத்திலும் ஓடி வந்தான், தழையை வாயில் கவ்வினான். அதைப் பார்த்துவிட்டு, சாப்பிடுகிறான் என்று நானும் போய்விடுவேன். நான்காம் நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். கவ்வுகிறான், தாடை நாலைந்து தடவை கோணலாக அசைகிறது, தழை அப்படியே கீழே விழுகிறது. மறுபடி கவ்வுகிறான், மறுபடி விழுகிறது. தாடைக்குக் கீழே முடி ஈரமாகிக் குச்சி குச்சியாக ஒட்டியிருந்தது. தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்திருந்தேன். அது எச்சில்.

அவனை எடை போட்டேன். போன மாதம் 985 கிராம், அன்று 870. அடர்ந்த முடி அந்த இளைப்பை முழுக்க மூடிவிட்டிருந்தது.

கினி பிக்கின் எல்லாப் பற்களும், கடைவாய்ப் பற்கள் உட்பட, ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். மிளகுக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து வளர்ந்து, நாக்குக்கு மேலே பாலம் போட்டதுபோல் ஆகிவிட்டிருந்தன. பசி இருக்கிறது, விழுங்க வழியில்லை. மயக்க மருந்து கொடுத்து அவற்றைச் சீராக்கினார்கள். முன்பல்லை மட்டும் பார்த்துவிட்டுப் பல் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். கடைவாயைக் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும், அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், சமையலறை எடை மெஷினில் கிண்ணம் வைத்து எடை பார்த்து எழுதி வைக்கிறேன். வளர்ந்த கினி பிக் பொதுவாக 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். அதற்குள் எந்த எண் என்பதைவிட எண் இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் தினமும் எடை பார்ப்பேன். 100 கிராம் என்றால் காரணம் தெரியாவிட்டாலும் கிளம்பிவிடுவேன்.

புழுக்கையையும் பாருங்கள். நல்ல புழுக்கை ஒரே அளவில், நீள்வட்டமாக, கெட்டியாக இருக்கும். சிறுத்துப் போனால், ஒரு முனை வால்போல் கூராக இழுத்துக்கொண்டிருந்தால், எண்ணிக்கை குறைந்தால், உள்ளே போவது போதவில்லை என்று அர்த்தம். நீர்நீராகப் போனால் அதுவும் அவசரம்தான்.

மற்ற அறிகுறிகளில் மூச்சு முக்கியம். மூக்கில் சளி, கண்ணோரம் பொருக்கு, மூச்சு விடும்போது கிளிக் கிளிக் என்று சத்தம், விலாப்பக்கம் வேகமாக ஏறி இறங்குவது, எது இருந்தாலும் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். வெகு சீக்கிரம் முற்றிவிடும். மூத்திரத்தில் ரத்தம், மூத்திரம் போகும்போது கீச்சென்று கத்துவது ஆகியவை கல்லாக இருக்கக்கூடும். நொண்டுவது, தொட்டால் கத்துவது, முடி சொரசொரப்பாவது எல்லாம் வைட்டமின் சி குறைவாலும் வரும். நம்மைப்போலவே கினி பிக்காலும் அந்தச் சத்தை உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது, உணவில்தான் கிடைக்க வேண்டும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் நல்லது. குடிக்கிற தண்ணீரில் கலப்பதை நான் நம்புவதில்லை, அதில் சீக்கிரமே வீரியம் போய்விடும். எப்போதாவது கண்ணில் பால்போல் வெள்ளைத் திரவம் வந்து, அதை வைத்து அது முகம் துடைத்துக்கொண்டால் மட்டும் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

இப்போது மருந்து விஷயம். வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் வகை பெருகிவிடும். நாய்க்கும் பூனைக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற மருந்து கினி பிக்கைச் சில நாளிலேயே கொன்றுவிடலாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும்போது, “டாக்டர், இது கினி பிக்குக்கு ஒத்துக்கொள்ளும்தானே, பென்சிலின் வகை இல்லையே?” என்று கேட்டுவிடுங்கள். நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அறுவைக்கு முன்னால் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னாலும் இதேபோல் கேளுங்கள். வாந்தி எடுக்காத விலங்குக்கு அந்த நீண்ட பட்டினி தேவையில்லை, கெடுதலும்கூட.

கிளம்பும்போது பெட்டியில் துண்டு விரித்து, கொஞ்சம் புல் போட்டு, ஜோடி இருந்தால் அதையும் கூட வையுங்கள். துணை இருந்தால் பயம் குறையும். இன்றைய புழுக்கையில் சிலதைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து தின்னவில்லை, கடைசியாக என்ன தின்றது, எடை எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போனால் பதற்றத்தில் மறந்துவிடும். காது சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம், விலகிப் போக இடம் விட்டு.

ஊட்டுவதற்கு முன்னால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மேளம்போல் இறுகி உப்பியிருந்தால் எதையும் ஊட்டாதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றபடி எதை, எவ்வளவு ஊட்டலாம் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மிளகுக்கு ஊறவைத்த பெல்லட் தீவனத்தைக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுக்கச் சொன்னார்கள். மல்லாத்தக் கூடாது. மடியில் துண்டு சுற்றி, நான்கு காலும் கீழே இருக்கும்படி உட்கார வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, அரை மில்லி கொடுத்துவிட்டு மெல்லும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும்.

முதல் இரண்டு நாள் மிளகு தலையை உதறி உதறிப் பாதியை என் சட்டையில்தான் துப்பினான். மூன்றாம் நாள் நடுராத்திரி ஊட்டி முடித்துத் துண்டை எடுத்தபோது, மடியில் நாலு புழுக்கை கிடந்தன. சின்னதுதான், ஆனால் கெட்டியாக இருந்தன. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். நீங்கள் திரும்பி வந்ததும், மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.