மழைக்காலத்தில் கைக்குழந்தைக்குப் பவுடர் பால்: எதை வாங்கி வைப்பது?

கேள்வி: குழந்தைக்கு ஒன்றரை மாதம். தாய்ப்பாலோடு, மருத்துவர் சொன்னபடி பவுடர் பாலும் கொடுக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இந்த மழைக்கு முன் கூடுதல் டின்களும் எலெக்ட்ரிக் ஸ்டெரிலைசரும் வாங்கலாமா?
- வேளச்சேரி வாசகி

பதில்: ஸ்டெரிலைசர் வேண்டாம், கரண்ட் போனால் அது உதவாது. அந்தப் பணத்தில் நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான் என்றால் கேஸ் அடுப்புக்கும் வழி செய்துகொள்ளுங்கள். வெள்ளத்தில் குழந்தையைக் காப்பது கொதித்த தண்ணீர்தான்.

காரணம் இது: டின்னில் இருக்கும் பவுடர் முழுக்கக் கிருமி நீக்கப்பட்டதல்ல. சீல் பிரிக்காத டின்னிலும் க்ரோனோபாக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். அரிதுதான், ஆனால் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் வந்தால் மூளைக்காய்ச்சல் வரை போகும். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டி. சில டின்களில் 'வெதுவெதுப்பான நீர்' என்று போட்டிருக்கும். உங்கள் குழந்தையின் வயதுக்கு அந்தச் சூடு போதாது. கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். குளோரின் மாத்திரை தண்ணீரைச் சுத்தம் செய்யும், பவுடரில் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்யாது.

ஒரு லிட்டர் கொதிக்க வைத்தால் அரை மணி நேரத்துக்குள் கலக்கிவிட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் என்றால் அதைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். கொதித்ததும் ஃபிளாஸ்க்கில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடினால் சில மணி நேரம் சூடு நிற்கும், ராத்திரிக்கு அது பெரிய உதவி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். டின்னோடு வந்த கரண்டியால் தலைதட்டி அளந்து போடுங்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குழந்தை வைத்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கலந்த பாலை ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. டின் தீர்கிறதே என்று தண்ணியாகக் கலக்கவே கலக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம்.

பாட்டிலுக்குப் பதில் பாலாடை (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சின்னக் கிண்ணம்) வாங்குங்கள். பாட்டிலின் கழுத்திலும் நிப்பிளிலும் பால் ஒட்டிக்கொண்டால் தண்ணீர்ப் பஞ்சத்தில் கழுவி முடியாது. பாலாடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்கப் போட்டுக் கொதிக்க வைத்து எடுத்தால் போதும்.

பவுடரைச் சின்ன பாக்கெட்டாகவே வாங்குங்கள். பவுடர் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கே 400 கிராம் நாலு நாள் போல வரும். காலாவதித் தேதியைப் பாருங்கள். வெள்ளநீர் பட்ட பாக்கெட் வேண்டாம். தாய்ப்பாலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள். பயத்தால் பால் வற்றிவிடாது, குழந்தை சப்பச் சப்பச் சுரக்கும்.

கேள்வி: நிவாரண முகாமுக்கு எங்கள் அபார்ட்மெண்ட் சார்பில் பவுடர் பால் டின்கள் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம், ஆதரவற்றோர் இல்லம் தவிர வேறு யாருக்கும் இவற்றை இலவசமாக வழங்குவதைத் தடுக்கிறது. சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் டின் மட்டும் போய்ச் சேர்ந்தால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் அதைக் கொடுத்து வயிற்றுப்போக்கு வரலாம். பெற்ற தாய்மாருக்குச் சாப்பாடு, குடிநீர், மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க ஓர் இடம், இவற்றுக்கு உதவுங்கள். பவுடர் பால் அவசியமான குழந்தை இருந்தால் முகாமுக்கு வரும் மருத்துவரிடமோ நர்ஸிடமோ சொல்லுங்கள்.