திருகோணமலை நிலாவெளிப் பக்கப் பாடசாலையில் 5,000 லீற்றர் மழைநீர்த் தாங்கி வைத்தால் கோடையைச் சமாளிக்கலாமா?

கேள்வியில் தந்த விவரம்: 300 பிள்ளைகள், 100க்கு 25 அடி வகுப்பறைக் கட்டடம், அஸ்பெஸ்ரோஸ் சீற் கூரை, கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் உவர்க்கும் கிணறு. சுற்றாடல் கழகத்திடம் ஒரு தாங்கிக்குப் பணம் இருக்கிறது.

கோடையைச் சமாளிக்க முடியாது. ஆளுக்கு ஒரு லீற்றர் கைகழுவக் கொடுத்தால் நாளுக்கு 300 லீற்றர், பதினேழாம் நாள் தாங்கி காலி. திருகோணமலையில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நமக்குக் குறை மழையில் இல்லை, பிடித்து வைக்க இடமில்லாததுதான். ஓகஸ்ட் வரை சேமித்து வைப்போம் என்று குழாயைப் பூட்டி வைக்கிற பாடசாலைகள் இரண்டு பக்கமும் இழக்கின்றன: மாரியில் நிரம்பி வழிகிற தண்ணீரும் வீண், கோடையில் அந்த 5,000 லீற்றரும் ஒரு மூலைக்கும் காணாது.

அந்தத் தண்ணீருக்குச் சரியான வேலை மரக்கன்று. கார்த்திகை மழையோடு 100 கன்று நட்டால், மழை விட்டபின் கன்றுக்கு 2 லீற்றர், வாரம் இரண்டு தடவை என்று ஊற்ற வாரத்துக்கு 400 லீற்றர் போகும். தாங்கி பன்னிரண்டு வாரம் தாங்கும். பெப்ரவரியில் தொடங்கினால் ஏப்ரல் கடைசி வரை. கச்சான் அடிக்கத் தொடங்குமுன் வேர் ஓரளவு இறங்கியிருக்கும். கடற்கரை மணலுக்குப் புன்னை, பூவரசு, வேம்பு போதும். மேலே காய்ந்த சருகை நான்கு விரல் தடிப்பில் பரப்புங்கள், ஆனால் தண்டில் முட்டவிடாதீர்கள்.

இனிக் கட்டுவது. முழுக் கூரைக்கும் பீலி, அதாவது கூரை விளிம்பில் தண்ணீர் பிடிக்கும் வாய்க்கால், அடிக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் பாதி நீளம், அதாவது 50 அடி போதும். கூரையின் ஒரு பக்கம் பன்னிரண்டரை அடி அகலம் என்று எடுத்தால், அந்தப் பீலிக்குத் தண்ணீர் தரும் பரப்பு சுமார் 58 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். சிதறலும் கசிவும் போக 80 வீதம் என்று வைத்தால் மில்லிமீற்றருக்கு 46 லீற்றர் வரும். 110 மில்லிமீற்றர் பெய்தால் தாங்கி நிரம்பிவிடும், நவம்பரில் அது பெரிய விஷயமில்லை. பாதி போதும் என்பதற்கு இன்னொரு காரணம் சரிவு. பீலிக்கு 200க்கு 1 சரிவு வேண்டும். 50 அடிக்கு அது 3 அங்குலம், 100 அடிக்கு 6 அங்குலம். 6 அங்குலம் இறங்கினால் கடைசிப் பக்கத்துப் பீலி சீற் விளிம்பை விட்டுக் கீழே போய்விடும், பெருமழைத் தண்ணீர் அதைத் தாண்டிப் பாயும். சரிவைக் கண்ணால் பார்க்காமல் நூல் பிடித்துப் பாருங்கள்.

பீலியைத் தாங்கும் பிடிகள் 2 அடிக்கு ஒன்று. தூரம் கூடினால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும், டெங்கு நுளம்புக்கு அது போதும். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி இரண்டு மாரி தாண்டாது, துருப்பிடிக்காத திருகாணி வாங்குங்கள். பிடிகளைக் கூரை விளிம்புப் பலகையில்தான் அடிக்க வேண்டும். அஸ்பெஸ்ரோஸ் சீற்றில் துளையிடுவதோ, பிள்ளைகளை ஏற்றிக் கூரையைத் தேய்க்க விடுவதோ கூடவே கூடாது: தூசியும் ஆபத்து, பழைய சீற் ஆளோடு உடையும்.

அடுத்தது முதல் மழைத் தண்ணீரை விலக்கும் குழாய். காகம் போட்ட மீன்முள், எச்சம், எட்டு மாதத் தூசி எல்லாம் முதல் தண்ணீரோடுதான் வரும். பீலியிலிருந்து இறங்கும் 90 மில்லிமீற்றர் பைப்பில், தாங்கி வாய்க்கு மேலே ஒரு டீ (T வடிவ மூட்டு) போட்டு, கீழ்நோக்கி 160 மில்லிமீற்றர் பைப்பை 2 மீற்றர் நிறுத்துங்கள். அது 36 லீற்றர் அளவில் பிடிக்கும். அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் தாங்கிக்குத் திரும்பும். அடியில் கழற்றக்கூடிய மூடி, மூடியில் 3 மில்லிமீற்றர் துளை. பலர் துளைக்குப் பதிலாக வால்வ் போடுகிறார்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதைத் திறந்துவிட ஆள் வேண்டும், மழை உச்சமாக இருக்கும் டிசம்பரிலோ பாடசாலை விடுமுறை! துளை இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் தானே வடிந்துவிடும். துளைக்கு மேலே சிறு வலைத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் இலைத் தூள் அடைக்கும்.

நிரம்பிய தாங்கி 5 தொன். மணல் தரையில் செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைத்தால் ஒரு பக்கம் இறங்கி, குழாய் மூட்டு வெடிக்கும். மணலை நனைத்து இடித்து, கம்பி வலை போட்ட 5 அங்குலக் கொங்கிறீற் தட்டு இடுங்கள். கீழே வாளி வைக்கும்படி ஒன்றரை அடி உயரம் வேண்டும், ஆனால் தாங்கி வாய் பீலியைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். வாங்குமுன் தாங்கியின் உயரத்தை அளவெடுங்கள், இங்கேதான் அநேகர் பிழை விடுகிறார்கள். வெறும் தாங்கி காற்றுக்கு உருளும். புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2 இரவு கரையேறியது நமக்கு வடக்கேதான். கட்டி வையுங்கள், அடியில் கொஞ்சத் தண்ணீரும் நிற்கட்டும்.

வழிந்தோடும் பைப் உள்ளே வரும் பைப்பின் அளவே இருக்க வேண்டும். ஒரு அங்குலப் பைப் போட்டால் பெருமழையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். வழிகிற தண்ணீரைக் கிணற்றுக்குள் நேரே விடாதீர்கள். கிணற்றிலிருந்து 3 மீற்றர் தள்ளி, மலசலகூடக் குழிக்குக் கிட்டவும் போகாமல், ஒரு மீற்றர் கனக் குழி வெட்டிக் கல், சல்லி, மேலே மணல் என்று நிரப்பினால் மணல் தரை உறிஞ்சிக்கொள்ளும். களிமண் தரையென்றால் அந்தக் குழி குட்டையாகத்தான் நிற்கும்.

உள்வாய், வழிவாய் இரண்டிலும் மெல்லிய கம்பி வலை போடுங்கள். நைலோன் வலை வெயிலில் பொடிந்துவிடும். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால், செப்டெம்பரில் கழுவும்போது உட்சுவரைத் தும்புத் தடியால் தேய்த்துவிட்டுத்தான் தண்ணீரை ஊற்றி வெளியேற்ற வேண்டும்.

குடிக்க இந்தத் தண்ணீர் வேண்டாம். குழாய்க்கு மேலே அதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளை தாகத்தில் எதையும் திறக்கும்.