தீம் பார்க் பிளானா? மொதல்ல இன்ச் டேப் எடுங்க

கேள்வி: அக்கா, எங்க பையனுக்கு மூணே முக்கால் வயசு. ஒரு பெரிய தீம் பார்க்குக்கு ரெண்டு நாள் போறோம். வீட்டுக்காரர் எக்செல் ஷீட் போட்டு, கேட் தொறக்கறதுல இருந்து ராத்திரி வாணவேடிக்கை வரைக்கும் அரை மணிக்கு ஒரு ரைடுன்னு எழுதி வச்சிருக்கார். அதப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது. இதெல்லாம் நடக்குமா?

பதில்: நடக்காதும்மா. அவர் ஆசையா உக்காந்து போட்டிருக்கார், அதனால கிழிச்சுப் போடாதீங்க, ஆனா அந்த ஷீட்ல உங்க பையனோட உயரம் எங்கயாவது இருக்கா, மத்தியானத் தூக்கம் எங்கயாவது இருக்கான்னு மட்டும் கேட்டுப் பாருங்க. இந்த ரெண்டும்தான் பிளான், மிச்சதெல்லாம் நம்ம ஆசை.

உயரத்துல இருந்து வரேன். பெரிய பார்க்குல ஓடுற ரைடு, விழுற ரைடு எல்லாத்துக்கும் குறைஞ்சபட்ச உயரம் வச்சிருப்பாங்க. ஃபுளோரிடா டிஸ்னில பாத்தீங்கன்னா செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயின்ங்கற ரைடுக்கு 97 செ.மீ., டியானாஸ் பாயூ அட்வெஞ்சருக்கு 102, ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112. இப்ப உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைய பக்கத்துல வச்சுப் பாருங்க, பசங்களுக்கு 3 வயசுல நடுத்தர உயரம் 96 செ.மீ. பக்கம், 4 வயசுல 103 பக்கம். அதாவது உங்க பையன் சரியா அந்தக் கோட்டு மேலயே நிக்கிற வயசு. ஒரு செ.மீ. இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கறதுல பாதி ஷீட் மாறிடும். அதனால இன்னைக்கே செவுத்துல நிக்க வச்சு, அங்க போட்டுட்டு வரப்போற அதே ஷூவோட அளந்துடுங்க. தலைக்கு மேல ஒரு புக்க படுக்கையா வச்சு பென்சில்ல கோடு போட்டா போதும்.

இத ஏன் இவ்ளோ இழுத்து சொல்றேன்னா நானே பட்டிருக்கேன். எங்க பொண்ணுக்கு உச்சந்தலைல கொண்டை போட்டு கூட்டிட்டுப் போனேன், வீட்ல அளந்தப்ப கொண்டையோட சேத்து அளந்திருக்கேன் போல, புத்திசாலி அம்மா. முக்கால் மணி நேரம் வரிசைல நின்னு, ஏறப்போற எடத்துல அங்க இருந்த பொண்ணு சிரிச்சிட்டே அந்தக் கொண்டைய ஒரு விரலால அமுக்கி, அளவுக்கோல தலைல வச்சுப் பாத்துட்டு "சாரி" ன்னுச்சு. என் பொண்ணு அழுத அழுகைல பின்னாடி வரிசைல நின்னவங்க எல்லாம் ஆளுக்கொரு சாக்லேட் நீட்டறாங்க. தப்பு என்னோடது, அந்தப் பொண்ணு மேல கோவப்பட ஒண்ணுமே இல்ல. சீட்டுல மடிக்கு மேல வந்து லாக் ஆகுற கம்பி இருக்குல்ல, அது ஒரு அளவுக்கு கீழ இருக்கற ஒடம்ப சரியா பிடிக்காது, அதுக்குத்தான் அந்தக் கோடு. சில பேர் ஷூக்குள்ள அட்டை வச்சு உயரத்த ஏத்தறாங்கன்னு கேள்விப்படறேன், தயவுசெஞ்சு வேணாம்.

கோட்டுக்குக் கீழ இருந்தா ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுடாதீங்க. டம்போ யானை, குதிரை ராட்டினம், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகு, இதுக்கெல்லாம் உயரமே கேக்க மாட்டாங்க. அந்தப் படகு ரைடு 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகப் பண்ணது, இன்னமும் பொடிசுங்க வாயப் பொளந்துட்டு பாக்குதுங்க (பெரியவங்களுக்கு அந்தப் பாட்டு ரெண்டு நாளைக்கு காதுல இருந்து போகாது, அது வேற விஷயம்). லெகோலேண்டையும் யோசிச்சுப் பாருங்க, லெகோ பொம்மைக் கட்டைங்க பேர்ல இருக்கற பார்க், 1968ல டென்மார்க் பில்லுண்ட்ல ஆரம்பிச்சது, அவங்க பார்க்கே 2ல இருந்து 12 வயசு வரைக்கும் இருக்கற பசங்கள மனசுல வச்சுத்தான் பண்றாங்க.

அடுத்தது தூக்கம். வீட்ல மத்தியானம் தூங்குற கொழந்த பார்க்குக்கு வந்ததும் தூங்காம ஜாலியா சுத்தும்னு நெனைக்கறது நம்ம கற்பனை. மூணு மணி வரைக்கும் தாங்கும், அப்புறம் பலூன் கலர் சரியில்லன்னு தரைல உருளும். கேட் தொறக்கறப்ப உள்ள போயிடுங்க, மொத ரெண்டு மணி நேரம்தான் வரிசை கம்மி, நீங்க ஆசப்படுற நாலு ரைட அதுக்குள்ள முடிங்க. மத்தியானம், வெயிலும் கூட்டமும் உச்சத்துல இருக்கறப்ப, ரூமுக்கு வந்து திரை இழுத்து விட்டுத் தூங்க வச்சு, நீங்களும் தூங்கி, அஞ்சு மணிக்கு மேல மறுபடி போங்க. வெளிய போயிட்டு திரும்ப விடுவாங்களான்னு மட்டும் டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. இதுக்காகவே நான் சொல்றது, ரூம் பார்க்குக்குப் பக்கத்துல எடுங்க, அழகான ரூம் ஒரு மணி நேரத் தூரத்துல இருந்தா அது எதுக்கு. ராத்திரி வாணவேடிக்கை ரெண்டு நாள்ல ஒரு நாள் போதும், காத மூடற ஹெட்ஃபோன் மாதிரி ஒண்ணு பசங்களுக்குன்னே கிடைக்குது, எடுத்துட்டுப் போங்க. ரெண்டாவது நாள் அவனுக்கு எது பிடிச்சுதோ அதுலயே மூணு தடவ ஏத்தி விடுங்க, ஷீட்ல காலி கட்டம் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கும் என் மனைவிக்கும் ரோலர் கோஸ்டர்னா உயிர். கொழந்த பொறந்ததுல இருந்து ஏறவே இல்ல. ஒருத்தர் கொழந்தயோட நிக்கணும், இன்னொருத்தர் ஒரு மணி நேரம் வரிசைல நிக்கணும், அப்புறம் மாத்தி மறுபடி ஒரு மணி நேரமா? அதுக்கு போகாமலே இருக்கலாம் போலிருக்கே?

பதில்: அப்படியெல்லாம் இல்ல தம்பி, இதுக்கு வழி வச்சிருக்காங்க, கேட்டாத்தான் தெரியும், யாரும் கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க. டிஸ்னில ரைடர் ஸ்விட்ச்னு பேரு. வாசல்ல நிக்கற ஊழியர்கிட்ட கொழந்தையக் காட்டி கேக்கணும், ஒருத்தர் வரிசைல போயி ஏறிட்டு வருவார், அடுத்தவர் மறுபடி மொதல்ல இருந்து நிக்காம வேகமான வரிசைல போயிடலாம். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க்குல இத சைல்டு ஸ்வாப்னு சொல்றாங்க, அங்க குடும்பமா சேந்தே வரிசைல போயி, ஏறுற எடத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம்ல ஒருத்தர் கொழந்தயோட உக்காந்திருக்கணும், மொத ஆள் வந்ததும் மாத்திக்கலாம். வேற பார்க்கா இருந்தாலும் இதே மாதிரி ஏதாவது இருக்கான்னு வாசல்ல கேளுங்க. வெளிய நிக்கற நேரத்துல கொழந்தைக்கு ஒரு வேல குடுத்துடுங்க, "அப்பா எந்தக் கலர் வண்டில வராருன்னு கண்டுபிடி" ன்னா அது தலைய மேல தூக்கிட்டே நிக்கும்.

கேள்வி: என் பொண்ணுக்கு ரெண்டு வயசு பத்து மாசம். மூணு முடிஞ்சா டிக்கெட் எடுக்கணும், அதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்னு இவர் சொல்றார். அவளுக்கு ஞாபகமே இருக்காதேன்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரி?

பதில்: கணக்குல அவர் சொல்றது சரிதான். ஃபுளோரிடா, கலிஃபோர்னியா, பாரிஸ், ஹாங்காங் டிஸ்னி எல்லாத்துலயும் 3 வயசுக்குக் கீழ டிக்கெட் கெடையாது, டோக்கியோல இன்னும் தாராளம், 4 வயசுல இருந்துதான் டிக்கெட். ஆனா ஞாபகம் இருக்காதுன்னு நீங்க சொல்றதும் சரி, இந்த வயசு நெனப்பு பெரும்பாலும் வளந்தப்புறம் நிக்காது. அதுக்காக போகக்கூடாதா? போன வாரம் நீங்க ஊட்டுன சோறும்தான் அவளுக்கு ஞாபகம் இல்ல. என் அபிப்பிராயம், உங்க ரெண்டு பேருக்கும் ஆசை இருந்தா போங்க, "அவளுக்காகத்தான் போறோம்" னு சொல்லிக்காம போங்க. ஏன்னா அவளுக்காகன்னு சொல்லிட்டுப் போறவங்கதான் அங்க போயி அவ சிரிக்கலன்னா "இவ்ளோ செலவு பண்ணி வந்திருக்கோம், சிரிடி" ன்னு அதட்டறாங்க, கண்ணால பாத்திருக்கேன்.

இன்னொண்ணு. படத்துல பாத்து கொஞ்சுன மிக்கி எலி, வேஷம் போட்ட ஆளா நேர்ல ஆறடி உயரத்துல கண்ணிமைக்காம கைய விரிச்சிட்டு வந்தா இந்த வயசுல முக்கால்வாசி கொழந்தைங்க அலறும். ஃபோட்டோக்காக அந்தக் கைல திணிக்காதீங்க. நீங்க மொதல்ல போயி கை குடுங்க, அவ அப்பா தோள்ல இருந்து தூரமா பாக்கட்டும், சில நேரம் மத்தியானத்துக்கு மேல தானா டாட்டா காட்டும், காட்டலன்னாலும் பரவால்ல. இருட்டுக்குள்ள போற ரைடும் அப்படித்தான், வீட்லயே யூடியூப்ல முழுசா ஒரு தடவ போட்டுக் காட்டிட்டா என்ன வரப்போகுதுன்னு அதுக்குத் தெரியும். சஸ்பென்ஸ் போயிடுமேன்னு உங்க வீட்டுக்காரர் சொல்வார், சின்னக் கொழந்தைக்கு சஸ்பென்ஸ் எதுக்குங்க.

கேள்வி: அஞ்சு வயசுப் பையனுக்கு ஸ்ட்ரோலர் (உக்கார வச்சுத் தள்ளிட்டுப் போற வண்டி) எடுத்துட்டுப் போனா எல்லாரும் சிரிக்க மாட்டாங்களா?

பதில்: சிரிக்கறவங்க சாயங்காலம் அவங்க பையன தோள்ல தூக்கிட்டு நடக்கறப்ப நீங்க சிரிச்சுக்கலாம். ஒரு நாளைக்கு பத்து கிலோமீட்டர் சாதாரணமா நடக்க வேண்டியிருக்கும். பெருசா வாங்கிடாதீங்க, டிஸ்னி பார்க்குல 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளம்தான் அனுமதி, இழுத்துட்டுப் போற வேகன் வண்டிய 2019 மே மாசத்துல இருந்தே விடறதில்ல. ரைடுக்கு வெளிய விட்டுட்டுப் போனா ஊழியர்கள் ஒழுங்குபடுத்தறேன்னு வேற எடத்துல தள்ளி வச்சிருப்பாங்க, நூறு வண்டி ஒரே மாதிரி நிக்கும். கைப்பிடில பளிச்சுனு ஒரு துணியக் கட்டுங்க. பாஸ்போர்ட், பணம் மட்டும் அதுல விட்டுட்டுப் போகாதீங்க.

கேள்வி: கூட்டத்துல கொழந்த தொலஞ்சுட்டா என்ன பண்றதுன்னு நெனச்சாலே கை கால் ஒதறுது. கயிறு கட்டிடலாமான்னு கூட தோணுது.

பதில்: கயிறு கட்டறதும் தப்பில்ல, அது உங்க இஷ்டம். நான் பண்றத சொல்றேன். காலைல கேட்டுக்கு முன்னாடி நிக்க வச்சு தலைல இருந்து ஷூ வரைக்கும் தெரியற மாதிரி ஒரு ஃபோட்டோ. பதட்டத்துல நமக்கு சட்டை கலரே ஞாபகம் வராது, நம்புங்க. அப்புறம் கைல உள்பக்கமா பேனாவால நம்ம ஃபோன் நம்பர், வேர்வைல அழியாம இருக்க மேல ஒரு டேப். அங்க வேல பாக்கறவங்க சட்டைல பேரு எழுதின பேட்ஜ் இருக்கும், உள்ள போனதும் "தொலஞ்சுட்டா இத மாட்டியிருக்கறவங்ககிட்ட போ, அங்கயே நில்லு" ன்னு ரெண்டு பேரக் காட்டிக் குடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி வீட்ல ஒரு டெஸ்ட் வைங்க: "அம்மா பேரு என்ன?" எங்க பொண்ணு "அம்மா" ன்னா. அப்பா பேரு? "ஏங்க". ஒரு வாரம் ஆச்சு அத மாத்த.

கேள்வி: மாமியாரும் வரேன்னு சொல்றாங்க. முட்டி வலி வேற. எப்படி வேணாம்னு சொல்றது?

பதில்: ஏன் வேணாம்? மத்தியானம் கொழந்தயோட ரூம்ல தூங்க ஒரு ஆள் கெடைச்சிருக்கு, நீங்க ரெண்டு பேரும் கோஸ்டர்ல ஏறிட்டு வாங்க. பார்க்குல சக்கர நாற்காலி வாடகைக்குக் கெடைக்குமான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. நாள் முழுக்க நடக்கணும்னு அவங்ககிட்ட இப்பவே உண்மையச் சொல்லிடுங்க, அங்க போயி தெரிஞ்சா உங்க பாடு.

கேள்வி: என் பையன் வெளிய எங்கயும் டாய்லெட்ல உக்காரவே மாட்டேங்கறான், தானா தண்ணி அடிக்கற சத்தத்துக்கு பயம். பார்க்குல முழுக்க அந்த மாதிரிதான் இருக்குமாம். டயப்பருக்கு திரும்பிடலாமா?

பதில்: திரும்ப வேணாம். மஞ்சக் கலர்ல ஒட்டற சின்ன நோட் பேப்பர் இருக்கே, ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல ஒட்டுவோமே, அதுல ஒரு கட்டு பைல போட்டுக்கோங்க. டாய்லெட்டுக்குப் பின்னாடி செவுத்துல கருப்பா ஒரு கண்ணு மாதிரி சென்சார் இருக்கும், அவன உக்கார வைக்கறதுக்கு முன்னாடி அது மேல ஒட்டிடுங்க, கொழந்த அசஞ்சாலும் தண்ணி அடிக்காது. முடிச்சு, ஜட்டி போட்டு, கதவுக்கு வெளிய அனுப்பிட்டு அப்புறமா பேப்பரப் பிரிங்க. ரெண்டு நாள் போனா "நான் ஒட்றேன்" னு அவனே கை நீட்டுவான்.